அப்பாவின் ஏழு பக்கம்

2017 டிசம்பரில் ஒரு ராத்திரி, மணி பதினொன்று தாண்டியிருக்கும். வாசல் கதவைத் தாழ் போட்டேன், கேஸ் சிலிண்டரை மூடினேன். கடைசி வேலையாகக் கூடத்தில் இருந்த லேப்டாப்பை அணைக்கப் போனேன். திரை முழுக்க நீலமாகி, நடுவில் ஒரு வரி வந்தது. கீழே இரண்டு பொத்தான்கள். அதில் ஒன்றில் ‘அரெத்தே கான் மேம்’ என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. தினமும் பார்க்கிற வரி, தினமும் அழுத்துகிற பொத்தான். அழுத்திவிட்டுப் படுக்கப் போய்விட்டேன்.

காலையில் அப்பா காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்து கணினியைத் திறந்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“ஏம்மா, நேத்து நான் அடிச்சது எங்க இருக்கு?”

எங்கேயும் இல்லை.

எங்கள் வீடு புதுச்சேரியில் வைசியாள் வீதிப் பக்கம். அப்பா பிரெஞ்சு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கதையை எழுதி வைக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. இங்கே பிறந்து இங்கேயே இருந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஊரில் அதற்கு ‘ஒப்சியோன்’ என்று பேர். எங்கள் தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை, அவருடைய அண்ணன் எழுதிக் கொடுத்தார். அந்த முடிவுக்கு முந்தின நாள் ராத்திரி முற்றத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் நடந்த வாக்குவாதத்தை அப்பா பதின்மூன்று வயதுப் பையனாகத் தூணோரம் நின்று கேட்டிருக்கிறார். நான் அழித்தது அந்த ராத்திரியைத்தான். ஏழு பக்கம் வரும் என்றார்.

அந்த லேப்டாப்பைக் கொடுத்தது பெரிய தாத்தாவின் பேரன். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, தான் பழகிய மெஷினைப் பெரியப்பாவுக்கு என்று விட்டுவிட்டுப் போனான். விண்டோஸ் பிரெஞ்சில், கீபோர்டும் பிரெஞ்சு வரிசையில். அப்பாவுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. பேட்டரி மட்டும் செத்துப் போயிருந்தது. ஒயர் செருகியிருக்கும் வரை ஓடும், பிடுங்கினால் அந்த நொடியே அணையும்.

‘கான் மேம்’ எங்கள் ஊர் பிரெஞ்சு வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிற சொல். ‘இருந்தாலும்’, ‘ஆனாலும் பரவாயில்லை’ என்கிற மாதிரி. அப்படியென்றால் அந்தப் பொத்தான் சொல்வது, ‘இன்னும் வேலை முடியவில்லை, இருந்தாலும் நிறுத்து’ என்பதுதான். தமிழிலோ ஆங்கிலத்திலோ வந்தாலும் அர்த்தம் இதுவே. கணினி கேட்பது உண்மையான கேள்வி. நாம் அதைத் தூக்கத்துக்கும் நமக்கும் நடுவில் நிற்கிற தடையாகப் பார்க்கிறோம்.

அன்றைக்கு உள்ளே நடந்தது என்ன என்று பிறகு தேடிப் படித்தேன். ஷட் டவுன் கொடுத்ததும் விண்டோஸ் திறந்திருக்கிற ஒவ்வொரு புரோகிராமிடமும் ‘நிறுத்தப் போகிறேன், உனக்குச் சம்மதமா’ என்று கேட்கிறது. சேமிக்காத வேலை எதுவும் இல்லாத புரோகிராம் சரி என்று மூடிக்கொள்ளும். சேமிக்காத வேலை இருக்கிற புரோகிராம் ‘சேவ் பண்ணவா’ என்று நம்மைப் பார்த்து ஒரு சின்னப் பெட்டியைத் திறந்துவிட்டுக் காத்திருக்கும். ஐந்து விநாடி வரைக்கும் சரியான பதில் வராவிட்டால் விண்டோஸ் அந்தப் பெரிய நீலத் திரையைக் கொண்டுவந்து, யாரால் தாமதம் என்று பேரோடு காட்டும். அன்று அங்கே ஒரு பேர் இருந்தது, வேர்ட்பேட் என்று. நான் பேரைப் படிக்கவில்லை. பொத்தானை அழுத்தியதும், விண்டோஸ் புரோகிராமின் பதிலுக்குக் காத்திராமல் அதை அப்படியே நிறுத்திவிடுகிறது.

சேமிக்காத எழுத்து டிஸ்கில் கிடையாது. ராம் என்கிற தற்காலிக நினைவில்தான் இருக்கிறது, அதுவும் மின்சாரம் ஓடுகிற வரைக்கும்தான். காகிதம் அப்படியில்லை. 1761இல் எங்கள் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளை இறந்த பிறகு அவருடைய நாட்குறிப்பு எண்பத்தைந்து வருஷம் யாரும் பெரிதாகக் கவனிக்காமல் வீட்டிலேயே கிடந்தது. 1846இல் கல்வா மோன்ப்ரேன் என்பவர் அதைக் கண்டெடுத்தபோது படிக்க முடிந்தது. அப்பா எழுதியது ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. மை தொட்டு எழுதின காகிதத்தை யாரும் ஒரு பொத்தானால் இல்லாமல் ஆக்க முடியாது. இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

‘வேர்டில் அடித்திருந்தால் திரும்பக் கிடைத்திருக்குமே’ என்று பலரும் சொன்னார்கள். உண்மைதான். வேர்ட் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தானாக ஒரு நகல் எடுத்து வைக்கும், அடுத்த முறை திறந்தால் ‘இதை மீட்கவா’ என்று கேட்கும். ஆனால் அதைக் காப்பு என்று நினைத்து உட்காரக் கூடாது. கடைசிப் பத்து நிமிஷம் அதிலும் போகும். வேர்ட்பேட், பழைய நோட்பேட் மாதிரி எளிய புரோகிராம்களில் அந்த வசதியே கிடையாது. அப்பா மாதிரி பெரியவர்களுக்குப் பிடித்தது என்னவோ அந்த எளிய புரோகிராம்கள்தான். திறந்தால் வெள்ளைத் தாள், அடிக்க வேண்டியதுதான். இப்போது அப்பாவுக்கு லிப்ரே ஆபீஸ் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதில் தானியங்கிச் சேமிப்பை மூன்று நிமிஷமாகக் குறைத்து வைத்திருக்கிறேன்.

இதைவிட முக்கியமாக ஒன்று செய்தோம். எழுத உட்கார்ந்ததும், ஒரு வார்த்தைகூட அடிப்பதற்கு முன்னால் கோப்புக்குப் பேர் வைத்துச் சேமித்துவிடுவது. பேர் வைத்த கோப்பில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்துத் தட்டினால் போதும், எந்தப் பெட்டியும் குறுக்கே வராது. பேர் இல்லாத கோப்பில் அதே தட்டலுக்கு ‘எங்கே, என்ன பேரில்’ என்று கேள்வி வரும். அப்போது பெரியவர்கள் தயங்கி, ‘அப்புறம் பார்ப்போம்’ என்று விட்டுவிடுகிறார்கள். பிரெஞ்சு கீபோர்டில் ஏ, கியூ, இசட், டபிள்யூ எல்லாம் இடம் மாறியிருக்கும். எஸ் நம் கீபோர்டில் இருக்கிற அதே இடத்தில்தான் இருக்கும். அப்பா அந்த விசையில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். ஒரு பத்தி முடிந்ததும் கை தானாக அங்கே போகிறது.

1999இல் நான் கணினி கற்றுக்கொண்டபோது நிலைமை வேறு. விண்டோஸ் 98 இருந்த மெஷின் மின்வெட்டில் அணைந்துவிட்டால், அடுத்த முறை போட்டதும் ‘முறையாக நிறுத்தவில்லை’ என்று சொல்லி ஸ்கேன்டிஸ்க் நீலத்திரையில் ஓட ஆரம்பிக்கும். அது முடிகிற வரை உட்கார்ந்திருக்க வேண்டும். சில பழைய மெஷின்கள் ஷட் டவுன் கொடுத்த பிறகும் தானாக அணையாது, ‘இப்போது நிறுத்தலாம்’ என்று ஆரஞ்சு எழுத்தில் காட்டும், பிறகுதான் கையால் சுவிட்சை அணைப்போம். மெஷின் விடை கொடுக்கும் வரை காத்திருக்கிற அந்தப் பழக்கம் எனக்கும் இருந்தது. பிறகு எல்லாம் வேகமாகிவிட, பழக்கம் போய்விட்டது.

வீட்டுக் கணினியில் உள்ள பெரிய சிக்கல் என்று நான் நினைப்பது இதுதான்: அணைக்கிறவர் ஒருவர், திறந்து வைத்தவர் வேறொருவர். ஆபீஸில் என் மெஷின் என் பொறுப்பு. வீட்டில் மதியம் அப்பா எழுதுவார், சாயங்காலம் பையன் பள்ளி வேலை செய்வான், ராத்திரி நான் கணக்கு போடுவேன், கடைசியில் முழித்திருப்பவர் அணைப்பார். மற்றவர் வேலைக்கு ‘இருந்தாலும் பரவாயில்லை’ என்று அணைக்கிறவர் சொல்லக் கூடாது. ஆளுக்கொரு தனிப் பயனர் கணக்கு வைத்தால் குழப்பம் குறையும் என்று வைத்துப் பார்த்தேன். ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒருவர் வெளியேறாமல் அடுத்தவர் தன் கணக்கில் நுழைந்தால், முதலாமவரின் வேலை பின்னால் திறந்தபடியே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அணைக்கும்போது ‘வேறொருவரும் இந்தக் கணினியில் இருக்கிறார்’ என்று ஒரு வரி வரும். அந்த வரி வந்தால் எழுப்பிக் கேளுங்கள், எழுப்ப மனசில்லாவிட்டால் அணைக்காமல் விட்டுவிடுங்கள். ஒரு ராத்திரி ஓடுகிற கரண்டு பெரிய செலவில்லை.

அணைக்காமல் விடுவதிலும் இரண்டு வகை உண்டு. அதை எனக்கு விளக்கியது அப்பாதான், அதுவும் பிரெஞ்சு மெனுவை வைத்து. ஆங்கிலத்தில் ‘ஸ்லீப்’ என்று இருப்பது பிரெஞ்சில் ‘வேய்’. “வேய்னா தூக்கம் இல்லம்மா, தூங்காம முழிச்சுக் காவல் இருக்கிறது. பிணத்துக்குப் பக்கத்துல ராத்திரி உட்கார்ந்திருப்பாங்களே, அது,” என்றார். யோசித்தால் பிரெஞ்சுக்காரன் வைத்த பேர்தான் சரி. அந்த நிலையில் திரை இருண்டிருக்கும், ஆனால் ராமுக்கு மட்டும் கரண்டு போய்க்கொண்டே இருக்கும், திறந்த வேலை அப்படியே விழித்திருக்கும். கரண்டு போனால் காவலும் போச்சு. பேட்டரி செத்த லேப்டாப்புக்கும் யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்புக்கும் இது ஆகாது. இன்னொன்று ‘வேய் ப்ரொலோன்ஷே’, ஆங்கிலத்தில் ஹைபர்னேட். அது ராமில் இருப்பதை அப்படியே டிஸ்கில் எழுதிவிட்டு முழுசாக அணையும். மறுநாள் போட்டால் விட்ட இடத்தில் திறக்கும். நடுவில் கரண்டு போனாலும் கவலையில்லை. விண்டோஸ் 10இல் இது பவர் மெனுவில் பெரும்பாலும் தெரியாது, கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் அமைப்பில் டிக் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் ராத்திரிக்கு இதுதான்.

ஷட் டவுனும் இதைப் போலத்தான் என்று சிலர் நினைக்கிறார்கள், காரணம் 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று இருக்கிறது. அது டிஸ்கில் எழுதி வைப்பது விண்டோஸின் உள்பகுதியை மட்டும். நாம் திறந்த புரோகிராம்கள் மூடப்பட்டுவிடும், நம் எழுத்து அதில் வராது.

என் பையன் வழியாக இன்னொன்று தெரிந்தது. பெரிய டவுன்லோட் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தானாக அணையட்டும் என்று கமாண்ட் பிராம்ப்டில் ‘ஷட் டவுன்’ கட்டளையோடு நேரத்தையும் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவான். அந்தக் கட்டளையில் காத்திருக்கும் நேரம் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், புரோகிராம்களைக் கேட்காமலே வலுக்கட்டாயமாக மூடு என்பதும் அதற்குள் அடக்கம். நீலத் திரை வராது. அதனால் இப்போது அந்தக் கட்டளை போடுகிற நாளில், வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போடுவான். நடுவில் யாராவது உட்கார்ந்தால் அதே கட்டளையில் மைனஸ் ஏ கொடுத்து நிறுத்தலாம் என்று ஒரு சீட்டு எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறான்.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதும் பிளக்கைப் பிடுங்குவதும் ஒன்றுதான். இது மெஷின் அப்படியே உறைந்துபோனால் மட்டும். சேமித்த உடனே பிடுங்குவதும் தவறு, ஏனென்றால் ‘சேமித்தாயிற்று’ என்று காட்டிய பிறகும் கடைசி எழுத்துகள் டிஸ்கில் இறங்கக் கொஞ்சம் நேரம் ஆகலாம். விண்டோஸ் டிஸ்கின் கட்டமைப்பைக் காத்துக்கொள்ளக் குறிப்பு வைத்திருக்கிறது, அதனால் டிஸ்க் மொத்தமும் கெட்டுப்போகாது. ஆனால் அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்புக்கு அது உத்தரவாதம் இல்லை.

அப்பா அந்த ஏழு பக்கத்தைத் திரும்ப எழுதினார். ஒரு வாரம் ஆயிற்று. நான்கு பக்கம்தான் வந்தது. “எங்க அம்மா அன்னைக்கு அடுப்படி வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொன்னாங்க. முதல் தடவை அடிக்கும்போது அது தானா வந்துச்சு. இப்ப வரலை,” என்றார். என்னைத் திட்டவில்லை. அந்த இடத்தில் ஒரு வரி காலியாக விட்டிருந்தார், இன்றும் அந்தக் கோப்பில் அது காலியாகவே இருக்கிறது.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் வருகிறது என்று காலையிலிருந்தே மழை. கடைசியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டி, கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி மக்களை மீட்க வேண்டி வந்தது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது நாள் கணக்கில் கரண்டு இல்லாமல் இருந்தது எங்களுக்கு நினைவிருந்தது. இந்த முறை வீட்டில் டெஸ்க்டாப், பக்கத்தில் சின்ன யுபிஎஸ். மத்தியானம் விளக்கு இரண்டு தரம் துடித்து அணைந்தது. யுபிஎஸ் ‘பீப், பீப்’ என்று கத்த ஆரம்பித்தது. எங்கள் யுபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கும். அது எழுதி முடிக்கிறதற்கான நேரம் இல்லை, மூடுவதற்கான நேரம்.

நான் மவுஸைப் பிடிக்கப் போனேன். அப்பா கையை நீட்டித் தடுத்தார். எழுபத்தைந்து வயதில் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, கீழே வரிசையாக இருந்த சின்னங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பேரை வாய்விட்டுப் படித்தார். “இது உன் கணக்கு.” இந்தக் கீபோர்டிலும் சிவப்புப் புள்ளி வைத்த எஸ்ஸைத் தட்டி மூடினார். “இது தம்பியோட புராஜெக்ட்.” தட்டி மூடினார். “இது நம்ம கதை.” அதில் காலி வரி இருந்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதையும் தட்டி மூடினார். பென்டிரைவை முறையாக வெளியேற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஷட் டவுன் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தபடி கேட்டார்:

“கான் மேம் வந்துச்சாம்மா?”

“வரலைப்பா.”

திரை கறுத்து, பெட்டியின் விளக்கு அணைகிற வரை உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம்தான் யுபிஎஸ் சுவிட்சை அணைத்தார். பீப் சத்தம் நின்றதும் மழைச் சத்தம் மட்டும் கூடத்துக்குள் வந்தது.