முதல் குண்டும் குளிர்ந்த குழலும்

துப்பாக்கியின் உறுப்புகளைத் தனித்தனியே விலைக்கு வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே ஒன்றோடொன்று பூட்டி, தமக்கென்று ஒரு ரைபிளை உண்டாக்கிக்கொள்ளும் பொழுதுபோக்காளர் கூட்டம் அமெரிக்காவில் பெரிது. துப்பாக்கி வைத்திருக்கத் தடை விதிக்கப்படாத ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்கு அவ்வாறு செய்துகொள்வதை அந்நாட்டின் மத்தியச் சட்டம் பொதுவாக அனுமதிக்கிறது, சில மாநிலங்கள் அதற்கு வரம்பு கட்டியிருக்கின்றன. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். ஆகவே அந்தப் பொழுதுபோக்கு இங்கே இறக்குமதியாகவில்லை. ஆனால் அக்கூட்டத்தில் பிறந்த ஒரு மூடநம்பிக்கை மாத்திரம் கடல் கடந்து வந்து, நம்முடைய சுடுதளங்களில் பயிற்சி பெறும் இளைஞர்களின் வாயிலும், அதைவிட வருந்தத்தக்க விதமாக அவர்களுக்குப் பயிற்சி அளிப்பவர்களின் வாயிலும் குடியேறிவிட்டது. இலக்குத் தாளில் முதல் குண்டு ஓரிடத்திலும் பின்வரும் நான்கும் வேறோரிடத்தில் கூட்டமாகவும் விழுந்துவிட்டால், "குழல் குளிர்ந்திருந்தது, வேறொன்றுமில்லை" என்று சொல்லி எல்லோரும் திருப்தியடைந்து விடுகிறார்கள். உலோக வேலையிலேயே காலங்கழித்த எனக்கு, இந்த வாக்கியத்தை இன்னொரு முறை கேட்கப் பொறுமை இல்லை.

உஷ்ணம்தான் காரணம் என்றால், அந்த உஷ்ணம் எவ்வளவு என்று முதலில் கேட்க வேண்டாமா? ஒரு தோட்டா வெடிப்பதனால் நடுத்தரக் கனமுள்ள ரைபிள் குழலின் சராசரி உஷ்ணம் சில டிகிரி மாத்திரமே உயர்கிறது. எஃகு, ஒரு டிகிரிக்கு, தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 12 பங்கு விரிகிறது. அரை மீட்டர் நீளக் குழல் 3 டிகிரி சூடேறினால் நீள்வது 0.018 மில்லிமீட்டர். அதுவும் நேராக நீள்வதே ஒழியக் கோணுவதன்று. நேராக நீளும் குழல் குறியைக் கெடுப்பதில்லை. இதையும் கணக்கில் கொள்ளாதவர்கள், காலை வேளைக்கும் உச்சிப் பொழுதுக்கும் இடையே காற்றின் உஷ்ணம் பத்து டிகிரிக்கு மேல் மாறும் நாட்களில் தம் ரைபிள் என்ன செய்கிறது என்பதையாவது சிந்திக்கலாம். ஒரு குண்டின் உஷ்ணம் குறியை இரண்டு விரற்கடை நகர்த்த வல்லதானால், காலையில் சரிபார்த்த ரைபிள் மத்தியானத்தில் பலகையையே தவறவிட்டிருக்க வேண்டும்.

குழல் உஷ்ணத்தால் வளைவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. உருக்கி, துளைத்து, கடைந்தபோது உலோகத்துக்குள் தங்கிப்போன தகைவு முறையாக நீக்கப்படாத குழல், சூடேறச் சூடேற ஒரு பக்கமாகக் கோணும். கடைசல் இயந்திரத்தில் வேலை செய்தவர்கள், காலையில் கடையும் உருப்படியின் அளவும், இயந்திரம் சூடேறிய பின் கடைவதன் அளவும் வேறுபடுவதைப் பிரத்தியட்சமாக அறிவார்கள். ஆனால் அந்த வேறுபாடு நாழிகைக் கணக்கில் சிறிது சிறிதாக நகர்ந்து வருவது. ஓர் உருப்படிக்கும் அடுத்ததற்கும் இடையே துள்ளி விழுவதன்று. உஷ்ணத்தின் லட்சணமே அதுதான். இரண்டாவது குண்டு முதலாவதிலிருந்து சிறிது விலகி, மூன்றாவது இன்னும் விலகி, பத்தாவது எங்கோ போய் விழுமானால் உஷ்ணத்தைக் குற்றம் சாட்டுங்கள். முதலாவது மாத்திரம் தனித்து நிற்க, மற்றவை ஒன்றாகக் கூடி விழுமானால், உஷ்ணம் நிரபராதி.

இன்னும் சந்தேகம் உள்ளவர்கள் பத்து மீட்டர் காற்று ரைபிளைப் பார்க்கட்டும். அதில் வெடிமருந்து இல்லை, தீ இல்லை, சுடுவதனால் குழல் சூடேறுவதும் இல்லை. அதன் இலக்கில் பத்து மதிப்பெண் புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டரே. அப்படியிருந்தும் அதில் சுடுகிறவர்களும் முதல் குண்டு போய்விட்டதென்று குறைப்படுகிறார்கள். போட்டி விதிகளும் கணக்குக்கு முன் பழகு குண்டுகள் சுட அவர்களுக்கு அவகாசம் தருகின்றன. குளிர்ந்த குழல் சித்தாந்தக்காரர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்?

பிழை எங்கே இருக்கிறதென்றால், பெரும்பாலும் கணக்கிலே இருக்கிறது. ஐந்து குண்டுகள் சுட்டால் அவற்றுள் ஏதோ ஒன்று மற்றவற்றினும் தூரத்தில் விழுந்தே தீரும். வேறெந்தக் காரணமும் இல்லாவிட்டாலும், அது முதல் குண்டாக இருப்பதற்கு ஐந்தில் ஒரு பங்கு சாத்தியம் உண்டு. மூன்றாவது குண்டு விலகினால் காற்று என்று மறந்துவிட்டு, முதலாவது விலகும்போது மாத்திரம் நினைவில் குறித்துக்கொள்ளும் மனம் எந்த நம்பிக்கையைத்தான் நிரூபிக்காது? ஆகையால் முதல் குண்டுகளை மாத்திரம், வெவ்வேறு நாட்களில், ஒரே தாளில் சேர்த்து வாருங்கள். மற்றக் குண்டுகளை வேறு தாளில் சுடுங்கள். பத்துப் பன்னிரண்டு சேர்ந்த பிறகு பார்த்தால், அவை பரவலாகச் சிதறியிருந்தால் குற்றம் கையிலோ சந்தர்ப்பத்திலோ இருக்கிறது. ஒன்றாகக் கூடி, ஆனால் இலக்கை விட்டு ஒரே பக்கமாக விலகியிருந்தால், அப்போதுதான் யந்திரத்தில் காரணம் தேட நியாயம் பிறக்கிறது.

அவ்வாறு தேடும்போது கிடைக்கும் காரணங்கள் சாதாரணமானவை. துப்பாக்கியைத் துடைத்து வைத்தவர் குழலுக்குள் விட்டுவைத்த எண்ணெய்ப் படலம் முதல் குண்டின் போக்கையும் வேகத்தையும் மாற்றும். சுடுவதற்கு முன் உலர்ந்த துணியை ஒரு முறை செலுத்தினால் அது தீர்ந்தது. தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் வகை ரைபிளில் முதல் தோட்டாவை மாத்திரம் நாம் கையால் இழுத்து அறைக்குள் விடுகிறோம், பின்வருவனவற்றை யந்திரம் தன் முழு வேகத்தோடு செலுத்துகிறது. கைப்பிடியை மெதுவாக, சத்தம் கேட்காமல் விடுகிறவருடைய முதல் தோட்டா மற்றவை அமர்வதுபோல் அமர்வதில்லை. முழுக்க இழுத்துச் சட்டென்று கையை எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றினும் முக்கியமானது, கட்டையோடு யந்திரப் பகுதியைப் பிணைக்கும் திருகுகளும் தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் வளையங்களும் தளர்ந்திருப்பது: உறையிலிருந்து எடுத்துத் தூக்கும்போது ஓரிடத்தில் இருந்த உறுப்பு, முதல் அதிர்ச்சியில் பின்தள்ளப்பட்டு மற்றோரிடத்தில் போய் நிலைக்கிறது, பின்வரும் குண்டுகளெல்லாம் அந்தப் புதிய நிலையிலிருந்து ஒழுங்காகப் பறக்கின்றன.

மனிதனையும் கட்டையையும் நீக்கிவிட்டுக் குழலை மாத்திரம் சோதிக்க வேண்டும் என்ற ஞானம் புதிதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மருத்துவர் பிராங்க்ளின் மான், குழல்களைக் கான்கிரீட் தூணின்மேல் அமைத்துப் பல்லாண்டுகள் சுட்டுப் பார்த்து, தம் முடிவுகளை 1909ல் நூலாக வெளியிட்டார். அவருடைய சிரத்தையில் ஒரு பங்கு நம்மவருக்கு இருந்தால் போதும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. சுட்டதும் ஒவ்வொரு முறையும் குழலைப் பளபளப்பாகத் தேய்க்க வேண்டும் என்பது தவறு. ஈயக் குண்டுக்குப் பூசிய மெழுகு குழலுக்குள் ஒரு சீராகப் படியச் சில குண்டுகள் ஆகும், தேய்ப்பவர் அந்தச் சீரைத் தாமே அழிக்கிறார். தோட்டாவின் வகையை மாற்றிய உடனே சுட்ட முதல் குண்டைக் கொண்டு ரைபிளை மதிப்பிடுவதும் அதே காரணத்தால் அறியாமை. விலையுயர்ந்த குழல் பூட்டினால் எல்லாம் சரியாகும் என்பது வியாபாரிக்கு மாத்திரம் நன்மை.

திருகுகளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம்மூர்ப் பட்டறைகளில், ரைபிளுக்கு மாத்திரமல்ல, பம்புக்கும் மோட்டாருக்கும்கூட, கை உணர்ந்த அளவுக்குத் திருகை முடுக்குவதே தொழில் நேர்த்தி என்ற அபிப்பிராயம் நிலவுகிறது. இது நேர்த்தியன்று, சோம்பல். ஒரே கை காலையில் ஒரு விதமாகவும் களைத்த மாலையில் வேறு விதமாகவும் முடுக்கும். தொலைநோக்கி வளையத் திருகுக்கு ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர் போதுமென்று உற்பத்தியாளர் அச்சிட்டுத் தந்தால், அதை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு இல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் ஏது? போட்டிக்கு நாற்பது மாணவர்களை அனுப்பும் ரைபிள் சங்கங்கள், புதுக் குழலுக்குப் பணம் கேட்டு விண்ணப்பிக்குமுன், சிறு அளவுகளைக் காட்டும் டார்க் ரெஞ்சு ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டி, அதை உபயோகிக்க மாணவர்களுக்குக் கற்றுத்தர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.