சோழர் அரண்மனை எங்கே?

கேள்வி: சோழர் கோயில்கள் ஆயிரம் ஆண்டுகளாக நிற்கின்றன. கோட்டையும் அரண்மனையும் ஏன் மிஞ்சவில்லை?
– ஒரு வாசகி, திருப்பனந்தாள்

பதில்: கோயில் கருங்கல், அரண்மனையோ செங்கல்லும் மரமும். மரம் மக்கிப்போனது, செங்கல்லைப் பிற்காலத்தவர் பெயர்த்துக்கொண்டார்கள். ஆனால் அடித்தளம் இருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே, முதலாம் ராஜேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேட்டில், தமிழகத் தொல்லியல் துறை 1980-81 முதல் பல முறை அகழாய்வு நடத்தியது. செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. ஓடும் ஆணியும் கும்பலாகக் கிடக்கும் இடத்தில் மரச்சட்டமிட்ட ஓட்டுக்கூரை இருந்தது என்று கணிக்கலாம். உங்கள் வயல்மேட்டில் பழஞ்செங்கல் வரிசை தென்பட்டால் தயவுசெய்து பெயர்க்காதீர்கள். தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். இடம் மாறிய செங்கல் வரலாறு சொல்லாது.