பீட்டாவை நம்பாத சர்க்யூட்

அயோத்தியாப்பட்டணம்

அன்புள்ள கண்ணு,

எலக்ட்ரானிக் சர்க்யூட்ஸ் பேப்பர் மிரட்டுகிறது, எச்-பாராமீட்டர் சூத்திரங்கள் மண்டையில் நிற்க மாட்டேன் என்கின்றன என்று எழுதியிருந்தாய். அவற்றைக் கொஞ்ச நாள் ஓரமாக வை. முதலில் பயாசிங்.

பிசி 547 டிரான்சிஸ்டரின் டேட்டா ஷீட்டை எடுத்துப் பார். பீட்டா, அதாவது கரண்ட் கெயின், 110 முதல் 800 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று தயாரித்தவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பரீட்சைக் கணக்கில் மட்டும்தான் அது சொல்லி வைத்தாற்போல் 100.

பிரெட்போர்டில் 12 வோல்ட் சப்ளை, கலெக்டரில் 4.7 கிலோ ஓம், பேஸுக்கு ஒரே ஒரு 1.2 மெகா ஓம் போடு. பீட்டா 110 என்றால் கலெக்டர் 7 வோல்ட்டில் நிற்கும். அதைப் பிடுங்கிவிட்டு 450 உள்ளதைச் செருகினால் அரை வோல்ட்டுக்கும் கீழே படுத்துவிடும். இனி அந்த ஒற்றை ரெசிஸ்டருக்குப் பதில் 56 கிலோ, 10 கிலோ என்று டிவைடர் வைத்து, எமிட்டரில் 1 கிலோ ஓம் சேர். பீட்டா 110-க்குக் கரண்ட் சுமார் 1.08 மில்லி ஆம்பியர், 800-க்கு 1.15. அவ்வளவுதான் வித்தியாசம். இந்த இரண்டு அளவுகளையும் உன் கையால் மல்டிமீட்டரில் பார்த்துவிட்டால் பாதி சிலபஸ் முடிந்த மாதிரி.

இந்த நிதானம் சும்மா கிடைக்காது. எமிட்டருக்கு பைபாஸ் கெப்பாசிட்டர் வைத்தால் ஏறத்தாழ 200 கெயின் தரும் சர்க்யூட், அதை எடுத்துவிட்டால் 4.7 கூடத் தராது. கெயினைக் கொடுத்து நிதானத்தை வாங்குகிற வியாபாரம் இது. 1927 ஆகஸ்ட் 2 அன்று ஹட்சன் ஆற்றுப் படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெல் ஆய்வுக்கூட இன்ஜினியர் ஹரால்டு பிளாக், கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே எழுதி வைத்ததும் இதைத்தான். தொலைதூர டெலிபோன் லைனில் ஆம்ப்ளிஃபையருக்கு ஆம்ப்ளிஃபையர் குரல் சிதைந்துகொண்டே போன பிரச்சினைக்கு, நெகட்டிவ் ஃபீட்பேக். அப்போது அவருக்கு 29 வயது. பாடுபட்டு வாங்கிய கெயினை யாராவது வேண்டுமென்றே வீணாக்குவார்களா என்று கேட்கிற காலம்; 1928-இல் கேட்ட பேட்டன்ட் 1937-இல்தான் வந்தது.

நம் பக்கத்தில் இதை ஊன்றிச் சொல்லிக்கொடுத்தவர் சென்னை ஐஐடியின் பேராசிரியர் கே. ராதாகிருஷ்ண ராவ். அவருடைய வகுப்புகள் என்பிடெல் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. சி.பி. ரவிக்குமாரோடு சேர்ந்து டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் லேப் கிட்டுக்கு அவர் எழுதிய கையேட்டில் முதல் பரிசோதனையே நெகட்டிவ் ஃபீட்பேக்தான். கைடு புத்தகத்துக்கு முன்னால் அதைப் பார். எல்டி ஸ்பைஸ் சிமுலேட்டரும் பழகு, தப்பில்லை. ஆனால் அதற்குள் எல்லா பிசி 547-ம் ஒரே அச்சில் வார்த்த பிள்ளைகள். கடையில் வாங்கும் பத்து அப்படியிருக்காது.

பயாஸில் வெயில் செய்யும் வேலையைப் புத்தகம் இரண்டு வரியில் தாண்டிவிடும். நம்மூர் மைக் செட்காரர்கள் தாண்ட முடியாது. ராம நவமிக்குக் கோதண்டராமர் கோயில் பக்கம் தகரப் பந்தலில் காலையிலிருந்து பாடும் செட்டை நினைத்துப் பார். பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் ஒரு டிகிரிக்கு 2 மில்லி வோல்ட் குறையும். ஹீட் சிங்க் 30 டிகிரி ஏறினால் 60 மில்லி வோல்ட். பயாஸ் அப்படியே இருந்து, எமிட்டர் ரெசிஸ்டரும் இல்லையென்றால் ஐடில் கரண்ட் கிட்டத்தட்ட பத்து மடங்கு. கரண்ட் ஏற ஏறச் சூடு, சூடு ஏற ஏறக் கரண்ட். கடைசியில் 2என்3055 அவுட்புட் டிரான்சிஸ்டர் ஜோடி போய்விடும். அதற்காகத்தான் பயாஸ் டிரான்சிஸ்டரை போர்டில் வைக்காமல், மைக்கா வைத்து வெள்ளைப் பேஸ்ட் தடவி அதே ஹீட் சிங்கில் திருகுகிறார்கள். சூடு ஏறும்போது அதுவும் சேர்ந்து சூடாகி, பயாஸைத் தானே இறக்கிவிடும். அதைக் கழற்றித் தனியே தொங்கவிட்ட செட், மாலைக்குள் மெக்கானிக் மேசைக்கு வந்துவிடும்.

லீவுக்கு வரும்போது மல்டிமீட்டரைக் கொண்டு வா. பரண்மேல் பழைய அசெம்பிள்டு செட் ஒன்று இருக்கிறது. ஆன் செய்தவுடன் ஒரு தடவை, அரை மணி பாடவிட்டு ஒரு தடவை, எமிட்டர் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் வைத்து மில்லி வோல்ட் பார்ப்போம். புரோப் நழுவி ஷார்ட் ஆகாமல் பிடிக்க வேண்டும், அது மட்டும் கவனம்.

உன் பெரியப்பா