உமக்காக எடுத்து வைத்தது

 

ஒருவருக்கொருவர் ஹதியா கொடுத்துக்கொள்ளுங்கள், அதனால் நேசம் உண்டாகும் என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நிகாஹ் மஜ்லிஸ்களில் தவறாமல் சொல்லப்படுகிற ஹதீஸ் அது. ஆனால் நம் மஹல்லாக்களில் நிலைமை எப்படி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கொடுக்கல் வாங்கல் முன்பைவிட எத்தனையோ மடங்கு கூடியிருக்கிறது. கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு, நோட்டு வைத்து, பெயரும் தொகையும் எழுதி வாங்குகிறோம். சபுராளி ஊருக்கு வந்தால் பெட்டி பிரித்துப் பங்கு வைக்கிறோம். பெருநாளைக்குச் சேலை, பிள்ளை பிறந்தால் மோதிரம், வீடு குடியேறினால் சுவர்க் கடிகாரம். இவ்வளவும் நடக்கிறது. அந்த ஹதீஸ் சொன்ன நேசம் மட்டும் அதே அளவுக்குக் கூடியதாகத் தெரியவில்லை. "இவ்வளவு செய்தும் ஒரு வார்த்தை நல்லபடியாகப் பேசவில்லையே" என்று கொடுத்தவர் குறைப்படுகிறார். "கடமைக்கு எதையோ கொடுத்துவிட்டுப் போனார்" என்று வாங்கியவர் குறைப்படுகிறார்.

கை மாறுகிற பொருள் மனதைத் தொடுவது எப்போது? நபி (ஸல்) அவர்கள் எப்படிக் கொடுத்தார்கள் என்று பார்த்தால் அது விளங்கும்.

கோபக்கார முதியவரும் ஒரு மேலங்கியும்

மக்ரமா (ரலி) என்று ஒரு ஸஹாபி. குறைஷிக் குலத்தைச் சேர்ந்த முதியவர். மக்கா வெற்றியின் காலத்தில் இஸ்லாத்திற்கு வந்தவர். சற்றே கடுமையான சுபாவம் உள்ளவர் என்று ரிவாயத்திலேயே வருகிறது. ஒருநாள் நபி (ஸல்) அவர்களிடம் சில மேலங்கிகள் வந்தன. தோழர்களுக்குப் பங்கிட்டார்கள். அந்த இடத்தில் மக்ரமா இல்லை. செய்தி அவர் காதுக்குப் போனது. தன் மகன் மிஸ்வரை அழைத்துக்கொண்டு நேரே புறப்பட்டு வந்துவிட்டார். வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போய் அவர்களைக் கூப்பிடு என்று மகனிடம் சொன்னார். மகன் தயங்கினார். அல்லாஹ்வின் தூதரை இப்படி வாசலுக்கு அழைப்பதா? அவர்கள் ஆணவக்காரர் அல்ல மகனே, கூப்பிடு என்றார் தந்தை.

நபி (ஸல்) அவர்கள் வெளியே வந்தபோது அந்த மேலங்கி அவர்களிடம் இருந்தது. தங்கப் பொத்தான்கள் வைத்தது. (அதன் சட்டம் பற்றி உலமாக்கள் பேசியிருக்கிறார்கள். அது வேறு பாடம், இங்கே வேண்டாம்.) மக்ரமா வாய் திறந்து கேட்பதற்கு முன்பாகவே, இதை உமக்காக ஒதுக்கி வைத்திருந்தேன் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதோடு விடவில்லை. அதன் அழகையும் அவருக்குக் காட்டினார்கள். அவர் அதைப் பார்த்தார், மனம் திருப்தியடைந்தார் என்று அறிவிப்பு முடிகிறது.

கவனியுங்கள். மற்றவர்கள் பெற்றதும் மேலங்கிதான், இவர் பெற்றதும் மேலங்கிதான். அவர் மனத்தாங்கலோடு வந்தது துணி இல்லாததால் இருக்காது. எல்லோரையும் நினைத்தவர்கள் என்னை மறந்துவிட்டார்களோ என்பதுதான் வயதான மனிதருக்கு வலிக்கும். அந்த வலிக்கு மருந்து, உமக்காக எடுத்து வைத்தேன் என்ற சொல்லில் இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டி பிரித்து எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு, கடைசியில் மிஞ்சிய கோடாலித் தைலத்தை "நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று நீட்டுவது ஒரு வகை. "மூட்டு வலி என்று போனில் சொன்னீர்களே, அதற்காக வாங்கினேன்" என்று அதே தைலத்தை முதலில் எடுத்துக் கொடுப்பது இன்னொரு வகை. விலை ஒன்றுதான்.

சிறுமியின் மொழியில் ஒரு சொல்

காலித் இப்னு ஸஈத் (ரலி) அவர்கள் ஹபஷாவுக்கு, அதாவது அபிசீனியாவுக்கு, ஹிஜ்ரத் செய்தவர்கள். அங்கே அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். உம்மு காலித் என்று அழைக்கப்பட்டாள். ஹிஜ்ரி 7ல் அந்தக் குடும்பம் மதீனா வந்து சேர்ந்தது. பிறந்து வளர்ந்த பூமியை விட்டு, புது ஊரில், புது முகங்களுக்கு நடுவே ஒரு சிறுமி.

நபி (ஸல்) அவர்களிடம் சில ஆடைகள் வந்தன. அவற்றில் ஓரவேலைப்பாடு கொண்ட கறுப்பு ஆடை ஒன்று சிறியது. இதை யாருக்கு உடுத்தலாம் என்று சபையில் கேட்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. உம்மு காலிதை அழைத்து வாருங்கள் என்றார்கள். அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தங்கள் கையாலேயே அவளுக்கு உடுத்திவிட்டு, இதை நீண்ட நாள் உடுத்திப் பழையதாக்கு என்று துஆ செய்தார்கள். பிறகு ஆடையின் ஓரத்தில் இருந்த வேலைப்பாட்டைச் சுட்டிக்காட்டி, அழகு என்பதற்கு ஹபஷா மொழியில் உள்ள 'ஸனாஹ்' என்ற சொல்லால் அவளிடம் பேசினார்கள்.

புகாரியில் இந்தச் சம்பவத்தை அறிவிப்பவர் யார் தெரியுமா? அந்த உம்மு காலித் (ரலி) அவர்களேதான். சிறுபிள்ளையாக இருந்தபோது கேட்ட ஒற்றைச் சொல்லை, பெரியவராகி மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் காலம் வரை மறக்கவில்லை. நீ எங்கிருந்து வந்தாய் என்று எனக்குத் தெரியும் என்பதை அந்தச் சொல் பிள்ளைக்குச் சொல்லிவிட்டது.

ஒரு கீராத் தங்கம்

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் யோசிக்க வைப்பது ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகச் சம்பவம்.

ஜாபிருடைய தந்தை அப்துல்லாஹ் (ரலி) உஹதில் ஷஹீதானார்கள். விட்டுப் போனது கடனும், பெண் பிள்ளைகளும். இளவயது ஜாபிர் அந்தச் சகோதரிகள் அனைவருக்கும் பொறுப்பாளி. அவர்களைப் பராமரிக்க அனுபவமுள்ள பெண் வேண்டும் என்பதற்காகவே, ஏற்கெனவே மணமாகியிருந்த ஒரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார்கள். ஒரு போர்ப் பயணத்திலிருந்து திரும்பும்போது அவர்களுடைய ஒட்டகம் களைத்துப்போய் பின்தங்கிவிட்டது. நபி (ஸல்) அவர்கள் அருகில் வந்து அதைத் தட்டி ஓட்ட, அது சுறுசுறுப்பாக நடந்தது. பேசிக்கொண்டே வந்தார்கள். கல்யாணம் ஆனதைக் கேட்டார்கள், குடும்ப நிலைமையைக் கேட்டார்கள். பிறகு, இந்த ஒட்டகத்தை எனக்கு விற்றுவிடு என்றார்கள். விலை பேசி முடிந்தது. மதீனா போய்ச் சேரும் வரை நானே ஏறி வருவேன் என்று ஜாபிர் நிபந்தனை வைத்தார்கள். சரி என்றார்கள்.

மதீனாவில் ஜாபிர் ஒட்டகத்தை ஒப்படைத்தார்கள். பேசிய தொகையைக் கொடுத்து, அதற்கு மேலும் ஒரு கீராத் கூட்டிக் கொடுக்கும்படி பிலால் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. வாங்கிக்கொண்டு ஜாபிர் நடந்தார்கள். திரும்ப அழைக்கப்பட்டார்கள். ஒட்டகத்தையும் எடுத்துக்கொள், பணமும் உனக்குத்தான் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள்.

ஏன் இந்தச் சுற்று வழி? நீ கஷ்டப்படுகிறாய், இதை வைத்துக்கொள் என்று வழியிலேயே கொடுத்திருக்கலாம். அப்படிக் கொடுத்தால் அவர் உதவி பெற்ற ஆளாக நின்றிருப்பார். இங்கே அவர் ஒரு வியாபாரி. விலை பேசினார், நிபந்தனை போட்டார், தராசில் நிறுத்து வாங்கினார். தலை நிமிர்ந்து நின்ற பிறகுதான் அன்பளிப்பு அவர் கைக்கு வந்தது.

இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. முஸ்லிமில் வரும் அறிவிப்பில் ஜாபிர் (ரலி) சொல்கிறார்கள்: அந்தக் கூடுதல் கீராத் என்னைவிட்டுப் பிரியக்கூடாது என்று முடிவு செய்து என் பையில் வைத்திருந்தேன், ஹர்ரா நாளில் ஷாம் நாட்டுப் படையினர் அதை எடுத்துப் போகும் வரை அது என்னிடமே இருந்தது. ஹர்ரா நடந்தது ஹிஜ்ரி 63ல். அப்படியானால் 50 ஆண்டுகளுக்கும் மேலாக அதைப் பாதுகாத்திருக்கிறார்கள். ஒட்டகம் பெரியது, பேசிய தொகை பெரியது. கீராத் என்பது ஒரு தீனாரில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குச் சிறிய எடை. ஆனால் விலைக்கும் கணக்கிற்கும் வெளியே, மனம் உவந்து கூட்டி வைத்தது அதுதான்.

உங்கள் குடும்பத்தில் கணவனை இழந்த ஒரு பெண் தையல் மிஷினை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார் என்றால், பெருநாள் காசை உறையில் போட்டு நீட்டுவதற்கு முன் ஒரு துணியைக் கொண்டுபோய்த் தைக்கக் கொடுங்கள். கூலி கேளுங்கள். கொடுக்கும்போது கூட்டிக் கொடுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் பொருள்

மதீனாவில் அன்ஸாரிகள் பேரீச்சங்குலைகளைக் கொண்டு வந்து மஸ்ஜிதில் தொங்கவிடுவார்கள். பசித்த ஏழை முஹாஜிர்கள் தட்டிச் சாப்பிடுவார்கள். சிலர் அதில் சொத்தைக் குலைகளையும் உடைந்த குலைகளையும் கொண்டு வந்து தொங்கவிட்டார்கள். அப்போதுதான் அல்பகரா அத்தியாயத்தின் 267வது வசனம் இறங்கியது என்று பராஉ (ரலி) அறிவிக்கிறார்கள். உங்களுக்கே தரப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கமாட்டீர்களே, அத்தகைய மட்டமான பொருளைத் தேடிப்பிடித்துக் கொடுக்காதீர்கள் என்பது அதன் கருத்து.

ரமளான் வந்தால் சில ஜவுளிக் கடைகளில் 'ஜகாத் சேலை' என்றே தனிக் கட்டு வைத்திருக்கிறார்கள். நாம் கேட்டதால் வந்த பெயர் அது. வாங்கும் பெண்ணுக்கு அது தெரியாதா? தொட்ட மாத்திரத்தில் தெரியும். நூறு சேலையை ஐம்பதாகக் குறைத்து, தன் வீட்டுப் பெண் உடுத்தும் தரத்தில் கொடுத்தால் என்ன? எண்ணிக்கை குறையும், போட்டோவில் கூட்டம் குறையும். அவ்வளவுதானே!

சிறியதைக் கொடுக்கக் கூடாது என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறியது வேறு, மட்டமானது வேறு. அண்டை வீட்டார் ஆட்டின் குளம்பைக் கொடுத்தாலும் அதை அற்பமாக எண்ணக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் பெண்களுக்குச் சொன்னார்கள். இருப்பதில் சிறியதைக் கொடுப்பவர் தன் உணவில் பங்கு தருகிறார். இருப்பதில் கழிவைக் கொடுப்பவர் தன் வீட்டைச் சுத்தம் செய்கிறார்.

பதிலுக்குக் கொடுப்பதும் சுன்னத்துதான். நபி (ஸல்) அவர்கள் ஹதியாவை ஏற்பார்கள், பதிலும் செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஸாஹிர் (ரலி) என்ற கிராமத்துத் தோழர் பாலைவனப் பொருள்களைக் கொண்டு வருவார். அவர் ஊர் திரும்பும்போது நகரத்தில் கிடைப்பவற்றை நபி (ஸல்) அவர்கள் கொடுத்தனுப்புவார்கள். அவரிடம் இல்லாததைப் பார்த்துச் செய்த பதில் அது. மொய் நோட்டைப் புரட்டி, அவர் ஆயிரம் எழுதினார், நாமும் ஆயிரம் எழுதுவோம் என்பதில் அந்தப் பார்வை எங்கே இருக்கிறது?

வாங்குகிறவரின் பங்கு

ஒரு பெண்மணி தன் கையாலேயே ஓரம் வைத்து நெய்த போர்வையை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்தார். அது அவர்களுக்குத் தேவையாகவும் இருந்தது. வாங்கிக்கொண்டு போனவர்கள், அதையே கீழாடையாக உடுத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். நெய்த கைகளுக்கு வேறென்ன கூலி வேண்டும்? பரிசாக வந்த சட்டையை மடித்துப் பீரோவில் வைத்து, அடுத்த கல்யாணத்திற்கு உறை மாற்றிக் கொடுக்கும் நாம் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

ஏற்க முடியாத நிலையும் வரும். ஸஅப் இப்னு ஜஸ்ஸாமா (ரலி) காட்டுக் கழுதை ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் இஹ்ராமில் இருந்ததால் திருப்பிக் கொடுத்தார்கள். அவருடைய முகம் வாடியதைக் கண்டதும், இஹ்ராமில் இருப்பதால்தான் திருப்பித் தந்தோம், வேறு காரணம் இல்லை என்று விளக்கினார்கள்.

அபூஜஹ்ம் (ரலி) கோலம் போட்ட ஒரு போர்வையை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார்கள். அதை அணிந்து தொழுதபோது கோலத்தின் மீது பார்வை போய்விட்டது. தொழுகை முடிந்ததும், இதை அபூஜஹ்மிடம் கொடுத்துவிட்டு, அவரிடம் உள்ள கோலமில்லாத முரட்டுப் போர்வையை வாங்கி வாருங்கள் என்று அனுப்பினார்கள். வேறொன்றை ஏன் கேட்டார்கள்? கொடுத்ததை மட்டும் திருப்பி அனுப்பியிருந்தால் அபூஜஹ்மின் உள்ளம் நோகும். அதனால்தான் அவரிடமிருந்தே மற்றொன்றைக் கேட்டுப் பெற்றார்கள் என்று ஹதீஸ் விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். கோலம் போட்ட போர்வை அபூஜஹ்மின் வீட்டுக்குத் திரும்பிப் போனது. அதே வீட்டிலிருந்து முரட்டுப் போர்வை ஒன்று நபி (ஸல்) அவர்களின் தோளுக்கு வந்தது.