செயலிக் கணக்கை நம்பலாமா?

கேள்வி: செல்போன் செயலியிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், மினிமம் பேலன்ஸும் வேண்டாம் என்கிறான் மகன். நம்பிப் பணம் போடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் செயலியின் பெயரைப் பார்த்து மயங்காமல், அதன் பின்னால் இருக்கும் வங்கி எது என்று பாருங்கள். வெறும் செயலி நடத்தும் நிறுவனத்துக்கு ரிசர்வ் வங்கி வங்கி உரிமம் தருவதில்லை. உரிமம் பெற்ற ஏதாவது ஒரு வங்கியில்தான் உங்கள் பணம் இருக்கும், இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அசலும் வட்டியுமாக 5 லட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு.

ஆதார் ஓ.டி.பி.யை மட்டும் வைத்துத் தொடங்கும் கணக்கில் 1 லட்சத்துக்கு மேல் இருப்பு வைக்க முடியாது. ஆயுளும் ஒரு வருடம்தான். அதனால் வீடியோ கே.ஒய்.சி.யை முதலிலேயே முடித்துவிடுங்கள்.

பால், மளிகை, கரன்ட் பில்லுக்கு மட்டும் மாதாமாதம் இதில் பணம் மாற்றிக்கொள்வது என் வழக்கம். சேமிப்பு பழைய கணக்கிலேயே தூங்குகிறது. (பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள்!)

பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. கேட்டால் மோசடிதான். ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.