டெம்ப்ளேட் பாஸ் ஆனால் போதுமா?

கடையிலோ கம்பெனியிலோ எஸ்எம்எஸ் அனுப்பும் வேலை பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் விழும். "ஆஃபர் மெசேஜை எல்லோருக்கும் தட்டி விடுப்பா" என்று சொல்லிவிட்டு முதலாளி கிளம்பிவிடுவார். மெசேஜ் போகாவிட்டாலும், போய்ச் சேர்ந்து வம்பை இழுத்து வந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். எனவே எதை அனுப்பக் கூடாது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

இந்தியாவில் இந்தத் தடை இரண்டு அடுக்கு. முதல் அடுக்கை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். இரண்டாவதை எந்த இயந்திரமும் பார்க்காது.

முதல் அடுக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிகள். வணிகச் செய்தி அனுப்பும் நிறுவனம் தன்னையும், அனுப்புநர் பெயரான ஹெடரையும், செய்தியின் டெம்ப்ளேட்டையும் டெலிகாம் நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். ஏர்டெல், ஜியோ, விஐ, பிஎஸ்என்எல் என எல்லோரிடமும் இந்தத் தளம் உண்டு. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் பதிந்த டெம்ப்ளேட்டோடு ஒப்பிடப்படும். பொருந்தாவிட்டால் வழியிலேயே நின்றுவிடும். தடைப்பட்டியல் எங்கே என்று தேடாதீர்கள். பதியாத எல்லாமே தடைதான்.

இந்தச் சோதனை 2021 மார்ச் 8-இல் முழு வீச்சில் தொடங்கியபோது நாடு முழுக்க வங்கி ஓடிபிகள் முடங்கின. பணம் அனுப்ப முடியாமல் மக்கள் திண்டாட, மறுநாளே டிராய் அதை ஒரு வாரம் நிறுத்தி வைத்தது. டெம்ப்ளேட்டைச் சரியாகப் பதியாத நிறுவனங்களில் பெரிய வங்கிகளும் இருந்தன என்பதை உங்கள் முதலாளிக்குச் சொல்லுங்கள். கொஞ்சம் அவகாசம் கொடுப்பார்.

டெம்ப்ளேட்டில் பெயர், தொகை, தேதி போன்ற மாறும் இடங்களுக்கு வேரியபிள் வைக்கலாம். ஒரு வேரியபிளுக்கு 30 எழுத்துக்குறிகள்தான் கணக்கு. வாடிக்கையாளர் பெயருக்கென்று பதிந்த இடத்தில் ஆஃபர் வாசகத்தைத் திணிப்பது பலரும் செய்யும் குறுக்குவழி. செய்யாதீர்கள், ஹெடரே முடக்கப்படலாம். லிங்க், ஏபிகே கோப்பு, திரும்ப அழைக்கும் எண் ஆகியவற்றையும் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் பதியாத லிங்க் உள்ள செய்தி வாடிக்கையாளரைச் சென்றடையாது.

அதிகம் பேர் சறுக்குவது கலப்படச் செய்தியில். "உங்கள் ஆர்டர் கிளம்பிவிட்டது" என்பது சேவைச் செய்தி. அதன் வாலில் "இந்த வாரம் சேலைகளுக்கு 20% தள்ளுபடி" என்று ஒட்டினால் முழுச் செய்தியும் விளம்பரமாகிவிடும். விளம்பரம் என்றால் காலை 10 முதல் இரவு 9 வரைதான் அனுப்பலாம். தொந்தரவு வேண்டாம் என்று பதிந்தவருக்கு அவர் சம்மதமின்றிப் போகக் கூடாது. வேண்டாம் என்று விலகிக்கொள்ள வழியும் தர வேண்டும். டிராய் விதிகளின் 2025 திருத்தத்துக்குப் பின் அனுப்புநர் பெயரின் கடைசியில் பி, எஸ், டி, ஜி என்ற எழுத்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். பி விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. எதை எதில் அனுப்பினீர்கள் என்பது இப்போது வாடிக்கையாளருக்கும் தெரியும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, சாதாரண சிம் கார்டிலிருந்து அனுப்பிவிடலாமே என்று ஒருவர் யோசனை சொல்வார். 10 நாளில் 5 பேர் புகார் செய்தாலே அந்த எண்ணின் மீது நடவடிக்கை தொடங்கும். முதல் முறை 15 நாள் வெளி அழைப்பும் செய்தியும் நிற்கும். திரும்பச் செய்தால் அந்தப் பெயரில் உள்ள எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும், கடையின் ஆர்டர் எண் உட்பட.

இடையில் ஒரு செலவுக் கணக்கு: தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 குறிகள்தான் அடங்கும், ஆங்கிலத்துக்கு 160. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். நாம் 5 எழுத்தாக எண்ணும் "வணக்கம்", கணினிக்கு 7. ஆனாலும் தமிழிலேயே அனுப்புங்கள் என்பேன். வாசகத்தை மட்டும் சுருக்குங்கள்.

இனி இரண்டாவது அடுக்கு. டெம்ப்ளேட்டை அனுமதிப்பவர் உங்கள் பெயரும் வடிவமும் வகையும் சரியா என்றுதான் பார்க்கிறார். சொன்ன சரக்கு சட்டப்படி சரியா என்பதற்கு அவர் பொறுப்பல்ல. சித்த வைத்தியசாலைக்காக "சர்க்கரை நோய் வேரோடு குணமாகும்" என்று எழுதினால், அது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். புற்றுநோய்க்கும் உடல் பருமனுக்கும் அதே கதைதான். ஸ்கேன் சென்டர், கருத்தரிப்பு மையம் என்றால் சிசுவின் பாலினத்தைக் கண்டறிவது பற்றி ஜாடையாகக்கூட ஒரு சொல் வரக் கூடாது. மூன்றாண்டு வரை சிறை. மனை விற்பவர்களுக்கு "ப்ரீ-லாஞ்ச் விலை" மீது தனி மோகம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் கீழ்ப் பதிவதற்கு முன் விளம்பரம் செய்வதே தவறு. பதிந்தபின் அந்த எண்ணும் விளம்பரத்தில் இருக்க வேண்டும். "மாதம் 5 சதவீதம் வட்டி" என்று டெபாசிட் கேட்கும் செய்தியை யார் எழுதித் தரச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். 2019-இல் வந்த ஒழுங்குமுறையற்ற வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் அதற்காகவே இருக்கிறது. புகையிலை விளம்பரத்துக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளின் விளம்பரத்துக்கு 2025-இல் நாடு தழுவிய தடைச் சட்டம் வந்துவிட்டது.

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் விற்கும் நிறுவனத்தில் இருந்தால் கதை வேறு. அங்கே டெலிகாம் நிறுவனங்கள் பாலியல், வெறுப்பு, மது, துப்பாக்கி, புகையிலை என்ற ஐந்தையும் ஒரே சொல்லில் "ஷாஃப்ட்" என்கின்றன. மதுவும் புகையிலையும் வயதுச் சோதனை இருந்தால் சில வேளை தப்பும். கஞ்சா அப்படியல்ல, ஒரு மாநிலத்தில் அது சட்டப்படி விற்கப்பட்டாலும் எஸ்எம்எஸ்ஸில் போகாது. சம்மதமின்றி அனுப்பிய ஒவ்வொரு செய்திக்கும் 500 முதல் 1,500 டாலர் வரை வாடிக்கையாளர் வழக்காடிப் பெறலாம்.

சம்மதம் என்ற இடத்தில்தான் நம் கடைகள் அசட்டையாக இருக்கின்றன. பில் போடும்போது வாங்கிய எண் பில்லுக்கு மட்டுமே. விளம்பரத்துக்குத் தனியாகக் கேளுங்கள். யார், எப்போது, எதற்குச் சரி என்றார் என்பதைப் பதிந்து வையுங்கள். வேண்டாம் என்று விலகியவரிடம் 90 நாளுக்கு மறுபடி கேட்கக் கூடாது. தொந்தரவுச் செய்திகளுக்கான 1909 என்ற எண்ணுக்குப் புகார் போனால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தப் பதிவேடு மட்டுமே.

தீபாவளிச் செய்தியின் டெம்ப்ளேட்டை முதல் நாள் இரவில் பதிந்து அனுமதி வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். புரட்டாசியிலேயே பதிந்து, நான்கு நெட்வொர்க்கிலும் ஒவ்வோர் எண்ணுக்கு அனுப்பிப் பாருங்கள்.