மதுரையில் ஒரு ராத்திரி

அன்புள்ள நிவேதா,

ஆசிரியர் வேலைக்கு ஆணை வந்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். உன் சித்தப்பா தெருவில் போகிறவரை எல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கோயம்புத்தூரிலிருந்து ஒரே மூச்சில் ராமநாதபுரம் போகாமல் நடுவில் மதுரையில் ஒரு ராத்திரி தங்கிப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். நல்ல யோசனை. ஆனால் நீ வாட்ஸப்பில் அனுப்பிய சாப்பாட்டுக் கடைப் பட்டியலைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துவிட்டேன். கறி தோசை, அயிரை மீன் குழம்பு, எலும்பு ரோஸ்ட், பன் பரோட்டா, ஜிகர்தண்டா, அல்வா, இட்லி. இத்தனையையும் சாயங்காலம் நாலு மணிக்கு இறங்கி, மறுநாள் விடியற்காலை பஸ் ஏறுவதற்குள் முடிக்கப் பார்க்கிறாய். காலை பத்து மணிக்குத் தலைமையாசிரியர் முன்னால் போய் நிற்க வேண்டியவள் நீ. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

கல்யாணமாகி மதுரையில்தான் நான் குடித்தனம் தொடங்கினேன். அந்த உரிமையில் சொல்கிறேன். அந்த ஊரில் எந்தக் கடை என்று கேட்பதை விட, எத்தனை மணிக்கு என்று கேட்பதுதான் சரி. ஒவ்வொரு பொழுதுக்கும் ஒரு பண்டம் இருக்கிறது. அந்தப் பொழுதில் அது அடுப்பிலிருந்து நேராக இலைக்கு வரும். மற்ற நேரத்தில் பெயர் பெற்ற கடையிலும் அது ஆறிப்போனதுதான்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. மதுரைக் காஞ்சியை எழுதிய மாங்குடி மருதனார் அந்த ஊரின் பகல் அங்காடியையும் பாடியிருக்கிறார், இரவு அங்காடியையும் பாடியிருக்கிறார். நள்ளிரவு நெருங்கும்போது அடையும் மோதகமும் விற்கிற கூவியர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி வழிவது வரைக்கும் அதில் வருகிறது. தூங்கா நகரம் என்று இன்றைக்கு நாம் பெருமை பேசுகிறோம். மருதனார் வியாபாரியின் கண் சொக்கியதையும் பார்த்திருக்கிறார். நம் காலத்துக்கு வந்தால், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஹார்வி மில். ஷிப்டு முடிந்து வருகிறவர்கள், சந்தையில் மூட்டை இறக்குகிறவர்கள், வெளியூரிலிருந்து பூக்கூடையோடு வருகிறவர்கள், அர்த்தசாமப் பூஜை பார்த்துத் திரும்புகிறவர்கள் எல்லாருக்கும் அகாலத்தில் பசிக்கும். ராத்திரிக் கடைகள் பெருகியது அவர்களை நம்பித்தான். நம்மைப் போல ருசி பார்க்க வருகிறவர்கள் பிற்பாடு சேர்ந்தவர்கள். அதனால் உழைத்து வருகிறவர்கள் எதைச் சாப்பிடுகிறார்களோ, அந்த நேரத்துக்கு அதையே கேள்.

கோவை பஸ் உன்னை ஆரப்பாளையத்தில் இறக்கிவிடும். அங்கே பக்கத்தில்தான் புட்டுத்தோப்பு. வந்திக் கிழவிக்காக மண் சுமக்க வந்த சிவபெருமான் உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கித் தின்றுவிட்டு, வேலை செய்யாமல் படுத்துத் தூங்கி, பாண்டியனிடம் பிரம்படி பட்ட கதை உனக்குத் தெரியும். ஆவணி மாதம் அங்கே புட்டுத் திருவிழா நடக்கும். நீ போவது ஆனி மாதம், ஆகையால் அதற்காக நிற்க வேண்டாம். டவுன் பஸ் பிடித்துப் பெரியார் பஸ் ஸ்டாண்டு வந்துவிடு. ரூம் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலேயே பார். லாட்ஜுகள் வரிசையாக இருக்கும், எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கும், ஸ்டேஷனும் கோயிலும் நடக்கிற தூரம். ஊருக்கு வெளியே புதிதாக வந்திருக்கும் ஹோட்டல்கள் மலிவாகத் தெரியலாம். மிச்சம் பிடித்ததை ஆட்டோவுக்குக் கொடுத்துவிடுவாய்.

குளித்துவிட்டு வெளியே வா. ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. 1689-இல் ஆட்சிப் பொறுப்புக்கு வந்த ராணி மங்கம்மாள் வழிப்போக்கர்களுக்காகக் கட்டி வைத்தது. ஒரு ராத்திரி தங்கிப் போகிறவர்களை அந்த ஊர் எவ்வளவு காலமாகப் பார்த்து வருகிறது என்று யோசி. அங்கிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் பிரேம விலாஸ் அல்வாக் கடை. சூடாக, இலைத் துண்டில் வைத்துத் தருவார்கள், நெய் விரலில் வழியும். நூறு கிராமுக்கு மேல் வாங்காதே. நின்றுகொண்டே சாப்பிட்டு முடி. வீட்டுக்குப் பார்சல் வாங்கும் ஆசையைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள். ஆறின அல்வாவை அக்காவும் மதிக்க மாட்டாள்.

டவுன்ஹால் ரோட்டில் நேராகக் கிழக்கே நடந்தால் மேலக் கோபுரம் வந்துவிடும். மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை என்று பழைய பலகாரக் கடை ஒன்று உண்டு. சாயங்காலத்தில் வெள்ளையப்பமும் காரச் சட்னியும் அங்கே பெயர் பெற்றவை. கையகலம் இருக்கும், விளிம்பு மொறுமொறுப்பு, நடுவில் பஞ்சு. இரண்டு போதும். அதே வேளைக்குத் தெருவோரத்தில் பருத்திப் பால் வண்டிகள் வந்து நிற்கும். பருத்தி விதையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் அரிசி மாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலக்காய், தேங்காய் எல்லாம் சேர்த்துக் காய்ச்சுவது. கஞ்சிக்கும் பாயசத்துக்கும் நடுவில் ஒரு பதம். சின்ன தம்ளர் ஒன்று வாங்கிக் குடி. பஸ் அலுப்புக்குக் காபியை விட அது நல்லது. இந்த விஷயத்தில் உன் சித்தப்பாவுக்கும் எனக்கும் இன்றுவரை வழக்கு இருக்கிறது; அவர் காபிக் கட்சி.

கோயிலுக்குள் செல்போன் விடமாட்டார்கள். வாசலில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கி, அதைப் பர்ஸில் பத்திரமாக வை. மீனாட்சியைப் பார்த்து வெளியே வரும்போது லட்டுப் பிரசாதம் கிடைக்கும். 2019-இல் தொடங்கியது, இலவசம், முப்பது கிராம்தான். கூட்டம் அதிகமென்றால் தரிசனத்துக்கே நேரமாகும். ஆகவே ஆறு மணிக்குள் வரிசையில் நின்றுவிடு.

ஜிகர்தண்டா பற்றி நீ கேட்டது நினைவிருக்கிறது. விளக்குத்தூண் பக்கம் போனால் அதற்கென்றே கூட்டம் நிற்கும், வழி கேட்கவே வேண்டாம். சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். கடைக்குக் கடை பாதாம் பிசினும் பால்கோவாவும் சேரும். வெயிலில் அலைந்தவனுக்கு உண்டான பானம் அது. பரோட்டா தின்ற வயிற்றில் அதை ஊற்றுவது மதுரைக்காரர்கள் பெருமைக்குச் செய்வது. நீ கோயிலை விட்டு வந்ததும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடி. ஸ்பெஷல் வேண்டாம், சாதாவே போதும். அப்படியே மல்லிகை ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொள். மறுநாள் வரை மணக்கும்.

இப்போது ராத்திரிச் சாப்பாடு. இதில்தான் நீ ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் சொன்னால் கறி தோசை. சிம்மக்கல் கோனார் கடையில்தான் அதற்குப் பெயர். வடக்குக் கோபுரத்திலிருந்து வைகைப் பக்கமாக நடந்து போய்விடலாம். எட்டு மணிக்குப் போ. உட்கார இடம் கிடைத்தால் கல் தெரிகிற மாதிரி உட்கார். மாவைக் கனமாக ஊற்றுவார்கள், நம் வீட்டு முறுகல் தோசை மாதிரி இழுக்க மாட்டார்கள். அது பாதி வெந்து மேலே கண் திறக்கும்போது முட்டையை ஊற்றிப் பரப்புவார்கள். முட்டை இறுகுமுன் கொத்திய ஆட்டுக்கறியை, மசாலாவில் வெந்தது, கரண்டியால் அள்ளிப் போட்டு அழுத்துவார்கள். எண்ணெயைச் சுற்றி விட்டு, ஒரே புரட்டு. கறி கல்லில் பட்டதும் ஒரு சத்தம் வரும், கூடவே மிளகும் சோம்பும் கருகுகிற வாசனை. திருப்பி எடுத்து இலையில் போடும்போது மூன்று அடுக்கும் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும். பிய்த்தால் மூன்றும் சேர்ந்தேதான் வரும். மேலே ஊற்றுகிற குழம்பை அளவாகக் கேள், முழுக்க நனைந்துவிட்டால் அடியில் இருக்கிற மொறுமொறுப்பு போய்விடும். ஒன்று தின்றால் உனக்கு வயிறு நிறைந்துவிடும். இன்னொன்றுக்கு ஆசை வரும், சொல்லாதே.

கறி வேண்டாம் என்று தோன்றினால் மாசி வீதிகளில் இட்லி. முருகன் இட்லிக் கடை மதுரையில் பிறந்துதான் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனது, அந்தக் கடையிலும் சாப்பிடலாம். ஆனால் என் மனசு தள்ளுவண்டிக் கடை இட்லிக்குத்தான். துணியிலிருந்து எடுத்து இலையில் வைக்கும்போது ஆவி முகத்தில் அடிக்கும். வெள்ளை, பச்சை, சிவப்பு என்று சட்னி வரிசையாக விழும். பொடிக்கு நல்லெண்ணெய் கேட்டால் தாராளமாக ஊற்றுவார்கள். ஒன்று மட்டும் பார்த்துக்கொள். கூட்டம் இருக்கிற வண்டியில் சட்னி தீர்ந்து தீர்ந்து புதிதாக வரும். ஆள் இல்லாத வண்டியில் தேங்காய்ச் சட்னி சாயங்காலத்திலிருந்து அப்படியே இருக்கும். ஜூன் மாத வெயிலில் அது புளித்திருக்க வாய்ப்புண்டு. தண்ணீர் உன் பாட்டிலிலிருந்தே குடி.

பரோட்டா நல்ல சமாசாரம்தான், மறுக்கவில்லை. பன் பரோட்டா சின்னதாக, தடியாக, உள்ளே மெத்தென்று இருக்கும். சால்னா ஊறினால் தனி ருசி. ஆனால் மைதாவும் எண்ணெயும் ராத்திரி பத்து மணிக்கு உள்ளே போனால் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பது கஷ்டம். லீவில் வரும்போது சாப்பிடு. அயிரை மீனும் அப்படித்தான். விரல் நீளம்கூட இல்லாத ஆற்று மீன், உயிரோடு வாங்கி வந்து சுத்தம் செய்து புளிக்குழம்பில் போடுவார்கள். அது மத்தியானச் சோற்றுக்கு உரியது, மெஸ்ஸில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட வேண்டியது. விலையும் கொஞ்சம் கடிக்கும். முதல் சம்பளம் வாங்கியதும் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அதை வாங்கிக் கொடு.

பெண் பிள்ளை தனியாக ராத்திரியில் கடைக்குப் போகலாமா என்று அக்கா என்னிடம் போனில் கேட்டாள். போகலாம். சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளில் பத்து மணி வரை குடும்பம் குடும்பமாக நடந்துகொண்டிருப்பார்கள். நானே கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். கடைக்குள் நுழைந்ததும் கல்லாப் பக்கம் இருக்கிற மேஜையில் உட்கார். யாராவது முறைத்தால் கல்லாவில் இருப்பவரைப் பார்த்து, "அண்ணே, தண்ணி வைக்கச் சொல்லுங்க" என்று சத்தமாகக் கேள். அது போதும், அப்புறம் அவர் உன்னைக் கவனித்துக்கொள்வார். நின்றுகொண்டு சாப்பிடுகிற பரோட்டாக் கடைகளில் ஆண் கூட்டம் நெரியும். அந்தப் பரோட்டாதான் வேண்டுமென்றால் பார்சல் கட்டச் சொல்லி ரூமுக்குக் கொண்டுபோ, சால்னாவைத் தனியாகக் கட்டச் சொல். பதினொரு மணிக்கு மேல் சில கடைகள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வியாபாரம் செய்யும், போலீஸ் ரோந்தைப் பொறுத்தது. அந்த நேரத்தில் உனக்கு அங்கே வேலை இல்லை.

காலையில் ஐந்தரைக்கு ரூமைக் காலி செய். ராமநாதபுரம் பஸ் மாட்டுத்தாவணியிலிருந்து. ஏறி உட்கார்ந்தால் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள், ஆறரைக்குள் பஸ்ஸில் இருந்துவிடு. நல்ல காபியும் இரண்டு இட்லியும் ஸ்டேஷன் பக்கமே அந்நேரத்துக்குக் கிடைக்கும். நெய் மிதக்கிற பொங்கலைப் பார்த்துச் சபலப்படாதே, பரமக்குடி தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாய். ஆட்டோக்காரரிடம் ஏறுவதற்கு முன்பே வாடகை பேசு. விடிகாலையில் கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்பார்கள்.

ராத்திரி தின்றதற்குக் கணக்குப் பார்த்தால் அல்வா கொஞ்சம், வெள்ளையப்பம், பருத்திப் பால், ஜிகர்தண்டா, கறி தோசை. இதுவே ஏராளம். உன் பட்டியலில் மிச்சம் இருப்பதெல்லாம் அங்கேயேதான் இருக்கும். ராமநாதபுரம் என்ன தூரம், மாதம் ஒரு சனிக்கிழமை வந்துபோகலாம்.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட்டதும் முதல் போன் அம்மாவுக்குச் செய். சித்தப்பா கேட்டால் பருத்திப் பால்தான் நன்றாக இருந்தது என்று சொல்லிவிடு.

அன்புடன்,
உன் சித்தி